நான் அடைத்த ஓட்டை

ஒரு கிழமைக்குள் ஒரே டேங்கை இரண்டு தரம் கழற்றினேன், இரண்டு தரம் பூட்டினேன். இரண்டாம் தரம் என் பிழையால். முப்பத்தைந்து வருஷமாக இதே வேலைதான். இப்படி ஒரு பிழை விட்டதில்லை. இப்படி ஒரு கிழமையும் கண்டதில்லை.

கொட்டாஞ்சேனையில் என் கடை. ஒரு தகரக் கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மேசை, அவ்வளவுதான். ரேடியேட்டர், பெட்ரோல் டேங்க், எது ஒழுகினாலும் கொண்டுவருவார்கள். துறைமுகத்து லொறிகள்தான் அதிகம். ஒழுகும் இடத்தில் ஈயம் வைப்பேன். தொட்டியில் அமுக்கிக் காற்று அடிப்பேன். குமிழி வந்தால் அந்த இடத்தை அடைப்பேன். குமிழி நின்றால் வேலை முடிந்தது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இந்த வேலைக்கு அது போதும்.

அன்று புதன்கிழமை. காலையில் நானா வந்தார். நானா கார் மெக்கானிக். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பழைய இங்கிலிஷ் கார் வைத்திருப்பவர்கள் அவரைத்தான் தேடுவார்கள். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், தமிழர், சிங்களவர் எல்லோருக்கும்கூட அவர் நானாதான்.

"மச்சான், ஒரு வேல ஈக்கிது. வெள்ளவத்தையில. டேங்க்."

"கொண்டு வாங்க நானா."

"டேங்க் கார்ல ஈக்கிது. நீங்களும் வந்துதான் கழட்டணும். துரு தின்ன டேங்க். தெரியாதவன் இழுத்தா பாதி கையோட வரும், மீதி கார்ல நிக்கும்."

"எப்ப?"

"இப்ப. திங்கக்கெழம சேருக்குக் கால் எடுக்கிறாங்க."

எனக்கு விளங்கவில்லை. வேனில் போகும்போது சொன்னார். கார்க்காரர் துறைமுகத்தில் இயந்திரப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வலது பாதம் பழுதாகிவிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முழங்காலுக்குக் கீழே வெட்டுகிறார்கள். ஞாயிறு பின்னேரமே ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும். கார் பதினொரு வருஷமாக ஓடவில்லை. அந்தக் கால் இருக்கும்போதே ஒரு தரம் அதை ஓட்டவேண்டும் என்கிறார்.

"வேற ஆசையே இல்லியா அவருக்கு?" என்றேன்.

"நீங்க காரப் பாருங்க. பொறகு கேளுங்க."

காலி நகருக்குப் போகிற காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, ஒரு சின்னத் தெரு. நடுவில் ஒரு பழைய வீடு. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. நானா கராஜ் கதவைத் தள்ளினார்.

கடும் பச்சை. இரண்டே இருக்கை. தலைக்கு மேல் மடிக்கிற சீலைக் கூரை, அதுவும் கிழிந்திருந்தது. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல். தூசி ஒரு விரல் கனம். தூசிக்குள்ளும் அது படுத்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் கிட்டத்தட்ட எல்லா வண்டியின் வயிற்றையும் பார்த்தவன். ஒன்றுக்கும் இப்படி நின்றதில்லை.

இந்தக் காரை முதலில் ஒரு தோட்டத்துத் துரை வைத்திருந்தாராம். அவர் சீமைக்குக் கப்பல் ஏறியபோது இந்தக் கார்க்கார ஐயா வாங்கினாராம். என் அப்பா தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். துரையின் கார் வந்தால் வேலைக்குப் போகிறவர்கள் ரோட்டை விட்டு வடிகானுக்குள் இறங்கி நிற்கவேண்டும் என்று சொல்வார். அந்தக் கார் எப்படி இருந்தது என்று மட்டும் சொன்னதில்லை. இப்படி இருந்திருக்கும்.

"பாத்து முடிஞ்சுதே தம்பி?"

ஐயா கராஜ் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். எழுபது தாண்டியவர். வலது கால் ஒரு முக்காலியின் மேல், கட்டுப் போட்டு. மடியில் ஒரு சீலைச் சுருள். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி, கையைக் கட்டிக்கொண்டு.

"முடிஞ்சுதுங்க ஐயா."

"பெட்ரோல் வரிசைக் காலத்தில ஒரு அவசரத்துக்கெண்டு இதுக்குள்ள கொஞ்சம் ஊத்தி வைச்சனான். அதுதான் டேங்கைத் திண்டிட்டுது."

"அவசரம் வந்தது" என்றார் அந்த அம்மா. "எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்பவும் உந்தப் பெட்ரோலை ஒரு த்ரீவீலருக்கு எடுக்க விடேல்லை. பக்கத்து வீட்டுக்காரற்ற சைக்கிள்ல போய் மருந்து வாங்கினது."

"உமக்குக் காய்ச்சல் மாறீட்டுதுதானே."

நானா சிரித்தார். நான் டிக்கியைத் திறந்தேன்.

இந்தக் காரில் டேங்க் டிக்கிக்கும் இருக்கைக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கிறது. முன்னால் ஒரு மட்டைப் பலகை. அதைக் கழற்றினால்தான் டேங்க் தெரியும். கழற்றினோம். புளித்த பெயின்ட் மணம் வந்தது. பழுதான பெட்ரோல். கீழே இருந்த மிச்சத்தை ஒரு குழாய் போட்டு வாளியில் இறக்கினோம். தேயிலைச் சாயம்போல வந்தது, பிறகு சிவப்புச் சேறு.

நானா பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டில் போட்டார். ஒரு சின்ன நழுவல். 'டிக்' என்றது.

"நானா, உது பதிமூண்டு" என்றார் ஐயா. அவர் இருந்த இடத்தில் இருந்து நானாவின் முதுகு மட்டும்தான் தெரியும். "மில்லிமீட்டர் போடாதேங்கோ. மூலை தேஞ்சா பிறகு கழட்டேலாது. அரை அங்குலம் போடுங்கோ."

மடிச் சீலையை விரித்தார். அங்குல ஸ்பேனர்கள். எல்லாம் எண்ணெய் பூசி, அளவு வரிசையில்.

நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சத்தத்தை வைத்து அளவு சொல்கிற ஆளை இரண்டு பேருமே அதுவரை பார்த்ததில்லை.

மேல் மூடியில் இருந்து இறங்கும் தடித்த ரப்பர்க் குழாய் கல்லாக இறுகியிருந்தது. வெட்டினேன். பெட்ரோல் போகிற குழாயைக் கழற்றினேன். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்குப் போகிற வயரைக் கழற்றினேன். போல்ட்கள் ஒவ்வொன்றாக அவருடைய ஸ்பேனருக்கு வழிவிட்டன. கடைசி போல்ட்டுக்கு வேறு அளவு வேண்டியிருந்தது. ஐயா அதை நீட்டினார். என் கையில் எண்ணெய். வழுக்கி அவருடைய வலது காலில், கட்டின் மேலேயே, விழுந்தது.

நான் துடித்துப்போனேன். அவர் துடிக்கவில்லை. நான் ஏன் குனிகிறேன் என்று பார்த்தார்.

"அவருக்குத் தெரியாது தம்பி" என்றார் அம்மா. "ஆணி குத்தி மூண்டு நாள் நடந்து திரிஞ்சவர். நிலத்தில ரத்தத்தைக் கண்டு நான்தான் சொன்னனான்."

நானா மெல்லக் கேட்டார். "அப்ப சேர், பெடல மிதிக்கிறது எப்பிடி விளங்கும்?"

"கேக்கும்" என்றார்.

 நானும் நானாவும் டேங்கின் இரண்டு பக்கமும் பிடித்தோம். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் மேலே, பிறகு சரித்து. ஒரு வழியில்தான் வெளியே வரும்படி செய்திருக்கிறார்கள். அந்த வழி பிடிபட்டதும் ஒரு இடத்திலும் உரசாமல் வந்தது.

டேங்க் நின்ற இடத்தில் வெளிச்சம் பட்டது. வெளியே நிறம் மங்கிய கார், அங்கே மட்டும் புதுப் பச்சை. அறுபது வருஷமாக வெயில் காணாத பச்சை. அந்தப் பச்சையில் நாலு விரல்கள் பதிந்திருந்தன. ஈரப் பெயின்டில் யாரோ கை வைத்திருக்கிறான். விரல் ரேகைகூடத் தெரிந்தது.

நானா போனில் படம் எடுத்து ஐயாவிடம் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு காலமும் எனக்குப் பின்னால இருந்திருக்கிறான்" என்றார்.

டேங்கைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தேன். மெல்லிய தகடு. மேலே ஈயப் பூச்சு. இரண்டு பாதி, ஓரத்தை உருட்டிச் சேர்த்த தையல். அந்தத் தையலில் ஒரு இடமும் போகவில்லை. துரு பிடித்தது அடியில்தான். டேங்க் காரில் உரசாமல் இருக்க அடியில் கம்பளிப் பட்டி வைத்திருந்தார்கள். இங்கத்தைய ஈரத்தை அது குடித்துக் குடித்துத் தகட்டுக்குக் கொடுத்திருக்கிறது. குண்டூசி ஓட்டைகள் வரிசையாக. டோர்ச் அடித்து உள்ளே பார்த்தேன். நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அதில் வட்ட ஓட்டைகள், ஓட்டைகளின் ஓரம் மடித்துவிட்டிருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் ஓரம் மடித்திருக்கிறான். என் மேசையில் இருந்த லொறி டேங்கைப் பார்த்தேன். பிறகு இதைப் பார்த்தேன்.

பெட்ரோல் டேங்கில் தீ காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சவுக்காரத் தூளும் சுடுதண்ணீரும் விட்டு மூன்று தரம் குலுக்கிக் கழுவவேண்டும். வாயைத் திறந்து வெயிலில் வைக்கவேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பி, ஒட்டுகிற இடத்தில் மட்டும் நெருப்புப்பெட்டி அளவு காற்று விடவேண்டும். நிறைய நிரப்பினால் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஈயம் இளகாது. காற்றைக் கூட விட்டால் அதில் ஆவி நிற்கும். ஒரு தரம் கூட விட்டேன். இளம் வயதில், ஒரு த்ரீவீலர் டேங்க். இடது கையில் முழங்கைவரை தோல் வேறு நிறம்.

வியாழன் முழுக்க அதே வேலை. கீழே முழுவதும் புதுத் தகடு வைத்தேன். பின்னேரம் வாய்களை அடைத்து, தொட்டியில் அமுக்கிக் காற்று அடித்தேன். அடியில் ஒரு குமிழியும் இல்லை. மேலே, வலது மூலையில் இருந்து வந்தது.

துடைத்துப் பார்த்தேன். பென்சில் கனத்தில் ஒரு குழாய் முனை. தகட்டோடு ஒட்ட முறிந்திருந்தது. வாயில் துரு. எந்தக் காலத்திலோ எதற்கோ வைத்து முறிந்தது என்று நினைத்தேன். எனக்கு வரும் டேங்க்களில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. குமிழி வந்தது. ஈயத்தை வைத்தேன். மறுபடி அமுக்கினேன். தண்ணீர் அசையவில்லை.

நல்ல வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நானா பள்ளிவாசலுக்குப் போய்வந்த பிறகு பூட்டினோம். கம்பளிக்குப் பதிலாகப் பழைய டயர் டியூபைப் பட்டியாக வெட்டி அடியில் வைத்தேன். அந்த விரல்கள் இருந்த இடத்தைச் சுற்றித் துடைத்தேன். அதன் மேல் துணி படவிடவில்லை. புதுக் குழாய், புது கிளிப். போல்ட்கள் விரலாலேயே உள்ளே போயின, கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்பேனர். நானா பற்றரி, பம்ப், பிரேக் எல்லாம் ஏற்கனவே பார்த்து வைத்திருந்தார்.

"எவ்வளவு ஊத்த சேர்?"

"நிறைய."

"நூறு மீட்டர் ஓட நாப்பது லீட்டரோ?" என்றார் அம்மா. "ஒழுங்கை முடிவு மட்டும் எண்டுதானே கதை."

"முள்ளு மேல ஏறுறதைப் பாக்கவேணும்."

பெட்ரோல் செட்டில் கானில் ஊற்றித் தரமாட்டார்கள். நானா தன் வேன் டேங்கில் அடித்துக்கொண்டு வந்து, குழாய் போட்டு இறக்கினார். வாயில் பெட்ரோல் பட்டுத் துப்பித் துப்பி இறக்கினார். முள் ஏறியது. ஐயா டோர்ச் பிடித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கோட்டைத் தொட்டதும் டோர்ச்சை அணைத்தார்.

சனிக்கிழமை காலை எஞ்சினை எழுப்பினோம். நாலாம் தரத்தில் பிடித்தது. ஆரம்பத்தில் ஒரு இருமல், வெள்ளைப் புகை. பிறகு சரியாகிவிட்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. லொறிச் சத்தம் காதில் அடிக்கும். இது நெஞ்செலும்பில் கை வைத்ததுபோல் இருந்தது. ஒழுங்கையில் போன ஆட்கள் நின்றார்கள். மேல்மாடிகளில் சன்னல்கள் திறந்தன. ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நானா எஞ்சின் வேகத்தை ஏற்றவும் இறக்கவும் அவர் விரலால் காட்டிக்கொண்டிருந்தார். இன்னும், இன்னும், போதும், விடும்.

அரை மணித்தியாலம் ஓடியது. பிறகு திணறியது. நின்றது.

நானா கார்பரேட்டரைத் திறந்தார். பெட்ரோல் இல்லை. பம்பைப் பார்த்தார். பம்ப் நல்லது. மறுபடி எழுப்பினார். இரண்டு நிமிஷம், நின்றது. அவருடைய சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது. மணி பதினொன்று. நாளைக்குப் பின்னேரம் ஆஸ்பத்திரி.

"பதினொரு வருஷம் கெடந்தது சேர். நாலு நாள்ல எழும்பச் சொன்னா..."

"நானா, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ." ஐயா என் பக்கம் திரும்பினார். "தம்பி, மேல் மூடியைத் திறவுங்கோ."

இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் மூடி. திறந்தேன்.

'ஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. நீருக்குள் முங்கி எழுந்தவன் இழுக்கிற மூச்சு. தொடர்ந்து டேங்கின் தகடு 'டங்' என்று வெளியே தள்ளியது. உள்வாங்கியிருந்திருக்கிறது.

"நிக்கிறதுக்குப் பத்து நிமிஷத்துக்கு முதல் ஒருக்கா டக்கெண்டது" என்றார் ஐயா. "தகடு உள்ளுக்க இழுபடுற சத்தம். டேங்க் மூச்செடுக்கேல்லை. வலதுபக்க மூலையில ஒரு சின்னக் குழாய் இருக்கவேணும். நீங்கள் கண்டனீங்களோ?"

எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்குள் அந்த 'டக்'கைக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.

"கண்டேங்க ஐயா."

"என்ன செய்தனீங்கள்?"

"அடைச்சேன்."

 குமிழி வருகிற இடத்தை அடைப்பதுதான் என் வேலை. அது ஒழுகுகிற ஓட்டை இல்லை, காற்று எடுக்கிற ஓட்டை. பெட்ரோல் வெளியே போனால் அந்த அளவு காற்று உள்ளே வரவேண்டும். நான் பார்க்கிற வண்டிகளில் அதற்கு மூடியிலேயே வழி இருக்கும். இதில் மூடி இறுக்கம். அந்தக் குழாய்தான் வழி.

"அல்லாவே" என்றார் நானா. "எங்கட ஆள் மூக்கையும் சேத்து ஒட்டிட்டாரு." பிறகு குரல் மாறினார். "பரவால்ல. மூடியில ஒரு ஓட்டை போட்டாச் சரி. பத்து நிமிஷ வேல."

"அப்பிடியெண்டால் அப்பிடிச் செய்யுங்கோவன்" என்றார் அம்மா.

"செய்யலாம்" என்றார் ஐயா.

செய்யலாம்தான். கார் ஓடும். நிறைந்த டேங்க். வளைவில் பெட்ரோல் மூடியின் ஓட்டையால் தெறிக்கும். மூடி அவருடைய பிடரிக்குப் பின்னால். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அந்த ஓரம் மடித்த ஓட்டைகள் என் கண்ணுக்குள் நின்றன.

"இல்லிங்க. கழட்டிடுவோம். அடைச்சது நான். நானே தெறக்கிறேன்."

"மச்சான், நாப்பது லீட்டர் ஈக்கிது உள்ளுக்கு!"

"வேனுக்கே திருப்பி இறக்குங்க."

"நேத்துக் குடிச்சதே இன்னும் ஏப்பமா வருது" என்று சொல்லிக்கொண்டே குழாயை எடுத்தார்.

இரண்டாம் தரம் டேங்க் முக்கால் மணித்தியாலத்தில் வெளியே வந்தது. அரை அங்குலம் எந்த போல்ட், பதினாறில் ஏழு அங்குலம் எந்த போல்ட் என்று கைக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை, காலி வீதியில் வாகனங்கள் நகரவில்லை. கடைக்கு வர இரண்டு மணி தாண்டிவிட்டது. இப்போது உள்ளே புதுப் பெட்ரோலின் ஆவி. பழையதைவிட இது பொல்லாதது. நேரம் இல்லை என்று ஒரு கழுவலைக் குறைக்கலாமா என்று நினைத்தேன். இடது கையைப் பார்த்தேன். மூன்று தரம் கழுவினேன். வெயிலில் வைத்தேன். வெயில் நகர்ந்தது, நானும் டேங்கை நகர்த்தினேன்.

தண்ணீர் நிரப்பி, மூலையில் நெருப்புப்பெட்டி அளவு காற்று விட்டு, தீயை அணைத்துவிட்டு, சூடேறிய செப்புக் கட்டையை மட்டும் வைத்தேன். ஈயம் இளகியது. ஊசியால் துருவை எடுத்தேன். ஒரு புதுச் செப்புக் குழாய் வைத்து ஒட்டினேன். வாயை வைத்து ஊதினேன். தண்ணீருக்குள் என் மூச்சு குமிழியாகப் போனது. குமிழியைக் கண்டு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இருந்தேன். அந்தக் குழாயில் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகிக் காருக்கு அடியில் இறக்கினேன். இறங்குவதற்கு ஒரு ஓட்டை அங்கே ஏற்கனவே இருந்தது. அதை முதல் நாளே கண்டிருந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஆறரைக்கு எஞ்சின் எழும்பியது. ஏழரைவரை ஓடியது. நாங்கள் நிறுத்தித்தான் நின்றது.

ஞாயிறு விடிந்ததும் போனேன். கூப்பிடவில்லை. நானாவும் வந்திருந்தார், அவரையும் கூப்பிடவில்லையாம். கார் கழுவித் துடைத்து நின்றது. ஐயா வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார்.

அம்மா உள்ளே இருந்து ஒரு பழுப்புத் தோல் சப்பாத்தைக் கொண்டுவந்தார். வலது சப்பாத்து மட்டும். கட்டுப் போட்ட பாதம் அதற்குள் போகவில்லை. அம்மா உள்ளே போனார். சமையலறைக் கத்தரிக்கோலோடு வந்தார். நிலத்தில் குந்தி, சப்பாத்தை மடியில் வைத்து, முன்னும் பக்கமும் வெட்டினார். நல்ல தோல். கஷ்டப்பட்டுத்தான் வெட்டினார். நல்ல சப்பாத்தை ஏன் வெட்டுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதத்தைச் சுற்றி வைத்து நாடாவைக் கட்டினார்.

"இப்ப கேளுங்கோ" என்றார். "நான் பின்னால நிக்கிறன். பத்துத் தரம் பிரேக்கை அமத்திக் காட்டுங்கோ. ஒண்டும் விடாமல் பத்து. அதுக்குப் பிறகுதான் கேட் திறக்கும்."

ஐயா இருக்கையில் இறங்கினார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். சாவியைப் பாதி திருப்பினார். எஞ்சின் இல்லை, சத்தமும் இல்லை. நிமிர்ந்து முன்னால் பார்த்தார்.

அம்மா பின் விளக்கைப் பார்த்து எண்ணினார். "ஒண்டு." சிவப்பு எரிந்து அணைந்தது. "ரெண்டு. மூண்டு." நானா விரல் நகத்தைக் கடித்தார். "நாலு. அஞ்சு. ஆறு. ஏழு."

எரியவில்லை.

"எட்டு இல்லை" என்றார் அம்மா.

 நான் பக்கக் கதவால் பார்த்தேன். கால் பெடலுக்குப் பக்கத்தில் வெறும் தரையை அமத்திக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

"முதலில இருந்து" என்றார் அம்மா.

ஐயா காலைக் கையால் எடுத்தார். குதிக்காலைத் தரையில் ஒரு இடத்தில் ஊன்றினார். முழங்காலை இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டி, எங்கே இடிக்கிறது என்று தொடையால் அளந்தார். நேரம் எடுத்தார். பிறகு தொடங்கினார். ஒண்டு. ரெண்டு. எட்டில் அம்மாவின் குரல் கொஞ்சம் நின்றது. சிவப்பு எரிந்தது. ஒன்பது. பத்து.

அம்மா போய்க் கேட்டைத் திறந்தார்.

"தம்பி, நீங்கள் பக்கத்தில இருங்கோ" என்றார் என்னிடம். "கை பிரேக்கில கையை வைச்சுக்கொண்டு. ஒழுங்கை முடிவு மட்டும்தான்."

துரையின் காரில் ஏறி இருந்தேன். ரோடு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. வடிகானும் தெரிந்தது.

எஞ்சின் பிடித்தது. ஐயா தலையைக் கொஞ்சம் சரித்தார். எக்ஸிலரேட்டரை மிதித்தார். சத்தம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு ஒரு இடத்தில் அசையாமல் நிறுத்தினார். கிளச்சை விட்டார். ஒரு குலுக்கலும் இல்லை. கார் ஒழுங்கையில் இறங்கியது.

ஒழுங்கை முடிவில் நின்றது. சரியாக நின்றது. என் கை பிரேக்கில் இருந்தது, இழுக்கத் தேவைப்படவில்லை. எதிரே கடற்கரை ரோடு, ரயில் பாதை, கடல். ஐயா திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் விரல் தட்டிக்கொண்டிருந்தது.

நான் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"ரெண்டு பக்கமும் காலிங்க ஐயா" என்றேன்.

வலப்பக்கம் திருப்பினார்.

பம்பலப்பிட்டிவரை போனோம். வேகம் அதிகம் இல்லை. காலை நடைக்காரர்கள் ஓரமாகப் போனார்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ரயில் எதிரே வந்து கடந்தது. அந்தச் சத்தத்தில் எஞ்சின் கேட்கவில்லை. உடனே கார் தடுமாறியது. ஐயா கிளச்சை அமத்திக் காரை உருளவிட்டார். ரயில் போகும்வரை பொறுத்தார். சத்தம் திரும்பி வந்தது, காலும் திரும்பி வந்தது. காதால் மிதிக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.  

திரும்பி வரும்போது ஒரு நேர்ப் பாதை. கியர் மாற்றினார். எஞ்சின் குரல் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"இப்ப எனக்குக் கால் தெரியுது தம்பி" என்றார். "விரல் நுனி மட்டும் தெரியுது."

 பின்னால் டேங்க் சத்தமில்லாமல் இருந்தது.

கேட்டில் அம்மா நின்றார். நானா அவருக்குப் பின்னால், ஒளிந்ததுபோல்.

"ஒழுங்கை பம்பலப்பிட்டியிலயோ முடியுது?" என்றார் அம்மா.

"புதுசா நீட்டியிருக்கிறாங்கள்" என்றார் ஐயா.

கராஜில் விட்டு எஞ்சினை நிறுத்தினார். சூடான இரும்பு டக், டக் என்று ஆறிக்கொண்டிருந்தது. அம்மா கதவைத் திறந்து, குனிந்து, சப்பாத்து நாடாவில் கை வைத்தார்.

"கழட்டட்டே?"

"கொஞ்சம் இருக்கட்டும்."

அம்மா கையை எடுக்கவில்லை. அப்படியே பக்கத்தில் குந்தியிருந்தார். நானும் நானாவும் வெளியே வந்து, கராஜ் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினோம்.

திங்கட்கிழமை காலை ஒரு லொறி ரேடியேட்டர் மேசையில் இருந்தது. எட்டு மணிக்குத் தீயை அணைத்தேன். லொறிக்காரன் பார்த்தான். கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டேன். என் வலது கால் தரையில் இருந்தது. செருப்புக்குக் கீழே ஒரு சின்னக் கல் உறுத்தியது. பெருவிரலை அசைத்தேன். அசைந்தது. அசைந்தது என்று பார்க்காமலே தெரிந்தது. ஐம்பத்தைந்து வருஷமாக அது அப்படித் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

கல்லை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே மிதித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழும்பித் தீயை மூட்டினேன்.